ஏரிக்குள் இருந்த விளையாட்டு மைதானம்

1

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

போன வாரம் என் தம்பி சேகர் ஒரு வீடியோ அனுப்பினான். நம்ம ஊர் ஏரி நிரம்பிக் கோடி போகிறது. கலங்கல் மேல் வழிந்து விழுகிற தண்ணீரின் இரைச்சலில் யார் பேசுவதும் சரியாகக் கேட்கவில்லை. மஞ்சள் தூவி, பூப்போட்டு, கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டிருக்கிறார்கள். சேகரின் பிள்ளைகள் இரண்டு பேரும், அவர்களோடு நீங்களும் கரைமேல் குதித்துக்கொண்டிருக்கிறீர்கள். "பெரிப்பா, ஏரி ரொம்பிடுச்சு பெரிப்பா!" என்று போனுக்குப் பக்கத்தில் வந்து கத்துகிறீர்கள்.

வீடியோ முடிகிற நேரத்தில் ஒரு பையன் கரையை விட்டு இறங்கி முழங்கால் தண்ணீரில் நிற்கிறான். யார் வீட்டுப் பிள்ளை என்று எனக்குத் தெரியவில்லை. நாங்கள் ஊரை விட்டு வந்தபோது அவன் கைக்குழந்தையாக இருந்திருப்பான். சிரித்துக்கொண்டே கையை ஆட்டுகிறான். பிறகு ஓர் எட்டு உள்ளே எடுத்து வைக்கிறான். அதோடு வீடியோ நின்றுவிட்டது.

நான் வேலையில் இருந்தேன். பார்சல் பெட்டிகளை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து சேகருக்குப் போன் போட்டேன்.

"டேய், அந்தப் பையன் மேல வந்துட்டானா?"

"எந்தப் பையன்ணா?"

"அதான்டா, தண்ணில நின்னுகினு கைய ஆட்டினானே."

"ஓ, அவனா. இதோ என் பக்கத்துலதான் முறுக்கு துன்னுகினு இருக்கான். ஏண்ணா?"

ஏன் என்று சேகருக்குத் தெரியும். கேட்ட பிறகுதான் அவனுக்கும் உறைத்தது.  அப்புறம் அவனே சொன்னான்: "நீ சொல்ல வேண்டியத எழுதி அனுப்புண்ணா. நான் ஸ்கூல்ல குடுத்துப் படிக்கச் சொல்றேன். போன்ல சொன்னா இதுங்க கேக்காதுங்க."

அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவன். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடைக்கு லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். இப்போது ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். எழுத்தில் தப்பு இருந்தால் உங்கள் டீச்சர் திருத்தட்டும். விஷயத்தில் தப்பு இல்லை.

2

முதலில் இங்கே பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். உங்களுக்கு அதைக் கேட்கத்தான் ஆசையாக இருக்கும்.

என் மகள் கனிஷ்கா மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். கனி என்று கூப்பிடுவோம். அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஒரு பாடம். கணக்கு மாதிரி, மொழிப் பாடம் மாதிரி அதற்கும் மார்க் உண்டு. மழை பெய்தாலும், பனி கொட்டினாலும், பரீட்சை வந்தாலும் அந்தப் பீரியடை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. அதற்கென்று பெரிய கூடம் ஒன்று இருக்கிறது. தரையெல்லாம் மரம். கயிறு ஏறலாம், பெட்டி தாண்டலாம், மெத்தையில் கரணம் போடலாம். கீழே விழுவது எப்படி என்றே முதல் வகுப்பில் ஒரு மாதம் சொல்லிக்கொடுத்தார்கள். நான் முதலில் அதைப் பார்த்துச் சிரித்தேன். விழுவதற்குமா ஒரு டீச்சர் என்று. இப்போது சிரிப்பதில்லை.

கனியின் வகுப்பு டீச்சர்தான் விளையாட்டும் எடுக்கிறார். வேபர் என்று பெயர். உயரமான அம்மா, தலைமுடி எல்லாம் நரைத்துவிட்டது, பிள்ளைகளோடு சேர்ந்து ஓடுகிறார். இந்த ஊர்ப் பேச்சிலும் நம்மைப் போல நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு. நான் ஆரம்பத்தில் அந்த டீச்சரை நீ என்று பேசிவிட்டேன். நான் வேலை பார்க்கும் பார்சல் கிடங்கில் என்னோடு பெட்டி தூக்குகிறவர்களை நீங்கள் என்று பேசினேன். கிடங்கில் இன்றைக்கும் என்னை 'ஐயா' என்று கேலி செய்கிறார்கள். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. கனிதான் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அவளுக்கு எங்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் வெட்கம். பைன்லிஷ் என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறாள். நாலு பேர் முன்னால் மானம் போகிறது என்று அர்த்தம். அம்மா வாசலில் நின்று சத்தமாகத் தமிழில் கூப்பிட்டால் பைன்லிஷ். நான் மூக்குறிஞ்சினால் பைன்லிஷ். டிபன் டப்பாவில் புளிசாதம் வைத்தால் அது ரொம்பவே பைன்லிஷ்.

அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான். சரண். அவன் முகம் அவளுக்கு நினைவில்லை. "போட்டோல இருக்கிற அண்ணா" என்றுதான் சொல்வாள். உங்களில் பெரிய பிள்ளைகளுடைய அக்கா, அண்ணன்கள் அவனோடு படித்திருப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

3

நம்ம பள்ளிக்கூடத்துக்கு மைதானம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். முன்பு இருந்தது. ஒரு பக்கம் அங்கன்வாடி கட்டினார்கள், இன்னொரு பக்கம் தண்ணீர்த் தொட்டி வந்தது, மிச்சம் இருந்த இடத்தில் சத்துணவுக் கூடம். பிள்ளைகள் வரிசையில் நிற்க மட்டும் இடம் மிஞ்சியது. தொடக்கப் பள்ளி என்பதால் விளையாட்டுக்கென்று தனி வாத்தியாரும் கிடையாது. பி.டி. பீரியடு என்று போர்டில் எழுதியிருக்கும். அந்த நேரத்தில் வாய்ப்பாடு எழுதச் சொல்வார்கள், இல்லாவிட்டால் குப்பை பொறுக்கச் சொல்வார்கள். நான் படித்த காலத்திலும் அப்படித்தான்.

சரண் படித்தபோது சுமதி டீச்சர் என்று ஒருவர் வந்தார். திருப்புட்குழிப் பக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். அவருக்கு விளையாட்டு சொல்லித்தர வேண்டிய வேலை இல்லை. இருந்தாலும் அவரால் பிள்ளைகளை உட்கார வைத்திருக்க முடியவில்லை. "ஓடாத புள்ளைக்கு எழுத்து எப்டிங்க ஏறும்?" என்று கேட்பார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஏரிக்கரை. கரைக்கு அந்தப் பக்கம் காய்ந்த ஏரி. மழைக்காலம் வரும்வரை அங்கே தண்ணீர் இருக்காது, மாடுதான் மேயும். டீச்சர் பிள்ளைகளை வரிசையாகக் கரைமேல் ஏற்றி அந்தப் பக்கம் இறக்கினார். அதுதான் அவர்களுக்கு மைதானம்.

கோகோ ஆட இரண்டு போஸ்ட் வேண்டும். பனங்கட்டையை வெட்டி அவர்களே நட்டார்கள். குழி தோண்ட நானும் போனேன். நட்டு முடித்ததும் சரண் போஸ்ட்டை ஒட்டி நின்று பார்த்தான். அவன் நெஞ்சு வரைக்கும் வந்தது.

அவன் நல்ல ஓட்டக்காரன். பெற்றவன் என்பதால் சொல்லவில்லை. துரத்துகிறவன் கைக்கு எட்டுகிற மாதிரி ஓடி, கடைசி நேரத்தில் ஒரு கையால் போஸ்ட்டைப் பிடித்துச் சுழன்று எதிர்ப்பக்கம் போய்விடுவான். அதனால் அவன் உள்ளங்கையில் எப்போதும் பனஞ்சிராய் குத்தியிருக்கும். இராத்திரி சாப்பிட்ட பிறகு அவன் அம்மா ஊசி வைத்து எடுத்துவிடுவாள். நர்ஸ் அல்லவா, கை நடுங்காது.

"ஆடாம குந்த முடியாதா உன்னால?"

"போஸ்ட்ட புடிக்காம எப்டிமா திரும்புறது? நீ வந்து ஓடிப் பாரு."

"நான் ஓடினா உங்க டீச்சர் என்னையும் டீம்ல சேத்துக்குவாங்க. போய்ப் படுடா."

அந்த ஏரிக்குள் எந்த இடம் மேடு, எந்த இடத்தில் முள் இருக்கிறது, எங்கே ஓடினால் கால் வழுக்கும் என்பதெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குத் தங்கள் வீட்டுக் கூடம் மாதிரித் தெரிந்திருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதுதான் நடந்ததற்குக் காரணம்.

4

அந்த வருஷம் கோடை விடுமுறையில் லாரிகள் வந்தன. ஏரியில் மண் எடுத்தார்கள். யாருக்கு அனுமதி, எவ்வளவு ஆழத்துக்கு அனுமதி என்று நம்ம ஊரில் யாருக்கும் தெரியாது. கேட்டவர்களுக்கும் சரியான பதில் இல்லை. பகலெல்லாம் புழுதி. வெயிலிலும் புழுதியிலும் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகவில்லை. பள்ளிக்கூடம் திறந்தபோதும் லாரிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அதனால் டீச்சர் பிள்ளைகளைக் கரைக்கு அந்தப் பக்கம் இறக்கவில்லை. லாரிகள் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

மண் எடுத்தவர்கள் கோகோ போஸ்ட் இரண்டையும் பிடுங்கவில்லை. ஏன் விட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பிள்ளைகள் நட்டது என்று இரக்கப்பட்டு விட்டார்களோ என்னவோ. போஸ்ட் நின்ற இடத்தில் மட்டும் ஒரு துண்டு மேட்டை விட்டுவிட்டுச் சுற்றிலும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். பனைமரம் முங்குகிற அளவுக்குப் பள்ளம் என்று பிறகு சொன்னார்கள்.

மழை தொடர்ந்து பெய்தது. ஏரியில் தண்ணீர் ஏறியது. ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூடம் விடுமுறை. இன்றைக்கு நீங்கள் நிற்கிற மாதிரியே பிள்ளைகள் கரைமேல் நின்று பார்த்தார்கள். தண்ணீருக்கு மேலே ஒரு போஸ்ட்டின் தலை தெரிந்தது, மற்றது சாய்ந்துபோயிருந்தது. பாதிக்குக் கொஞ்சம் குறைவாக.

சரணோடு நின்ற வினோத் பிறகு என்னிடம் ஒன்று விடாமல் சொன்னான். அந்தப் பையன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"போஸ்ட்டு தெரியுது பாருடா" என்றானாம் சரண். "அது எனக்கு நெஞ்சு. பாதி வெளிய இருக்குது. அப்ப தண்ணி இடுப்புகூட இல்ல."

"வேணாம்டா. எங்கம்மா அடிக்கும்."

"நம்ம கிரவுண்டுதான்டா! இதுல இன்னா பயம்? போஸ்ட்ட தொட்டுட்டு வந்துர்றேன். நீ ஒண்ணு ரெண்டு எண்ணு."

வினோத் எண்ணிக்கொண்டு நின்றான்.

சரணின் கணக்கில் தப்பு இல்லை, பிள்ளைகளே. நானாக இருந்தாலும் அந்தக் கணக்கைத்தான் போட்டிருப்பேன். வேறு ஊர்ப் பையன் யாராவது வந்திருந்தால் தெரியாத தண்ணீர் என்று கரையிலேயே நின்றிருப்பான். இவனுக்கு அந்த இடம் தெரியும். தெரியும் என்பதால்தான் போனான்.

அவனுக்கு நீந்தத் தெரியாது. கரையில் நின்ற பிள்ளைகளுக்கும் தெரியாது. பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டு ஓடிவந்த பெரியவர்களில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது, அவர் வருவதற்குள் நேரம் போய்விட்டது.

நான் அப்போது லோடு ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரத்தில் இருந்தேன். அவனை ஒரு வண்டியில் போட்டுக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அங்கே எமர்ஜென்சி வார்டில் அன்றைக்கு டியூட்டியில் இருந்தது என் மனைவி மகேஸ்வரி. யாரோ ஒரு பிள்ளை தண்ணீரில் விழுந்துவிட்டது என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் துணியை விலக்கிவிட்டு, நெஞ்சை அமுக்கத் தொடங்கிய பிறகுதான் முகத்தைப் பார்த்திருக்கிறாள். மற்றவர்கள் வந்து இழுத்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.

இதைப் பிள்ளைகளுக்கு எழுதலாமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

5

துக்கத்துக்கு சுமதி டீச்சர் வந்தார். பந்தலுக்கு வெளியே நின்றார். உள்ளே வர யாரும் சொல்லவில்லை.

"ஏரிய பழக்கி உட்டதே இந்தம்மாதான்" என்று ஒரு பெண் சத்தமாகச் சொன்னாள்.

"பாடம் சொல்லிக்குடுக்க வந்தவங்க பாடத்த சொல்லிக் குடுக்கணும். புள்ளைங்கள ஏரில இறக்கி ஆட உடறதுக்கா கவுருமெண்டு சம்பளம் குடுக்குது?" என்றார் இன்னொருவர்.

மண் எடுத்தவர்கள் பேரை அன்றைக்கு யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. டீச்சர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். பிறகு வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். பள்ளிக்கூடத்தின் பின் கேட்டைப் பூட்டினார்கள். பி.டி. பீரியடு நின்றுபோனது. இப்போதும் அந்த நேரத்தில் வாய்ப்பாடுதான் எழுதுகிறீர்களாம், சேகர் சொன்னான்.

தண்ணீரில் ஒரு பிள்ளை போய்விட்டது என்றால் மற்ற பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க வேண்டும். நாம் ஓட்டத்தை நிறுத்தினோம். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை. இங்கே வந்த பிறகுதான் கேட்கத் தோன்றுகிறது. இங்கிருந்து கேட்டு என்ன பிரயோஜனம்?

மகேஸ்வரி அந்த ஆஸ்பத்திரிக்கு மறுபடி வேலைக்குப் போகவில்லை. வெளிநாட்டில் நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டு இந்த ஊர் மொழியை ராப்பகலாகப் படித்தாள். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் வேலை கிடைத்தது. நானும் கனியும் பின்னால் வந்து சேர்ந்தோம். மகேசு வேலையில் கெட்டிக்காரி என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒன்றே ஒன்று மட்டும் செய்ய மாட்டாள். அங்கே வயதானவர்களைத் தொட்டியில் உட்கார வைத்துக் குளிப்பாட்டுவார்கள். அந்த வேலை வந்தால் இன்னொரு நர்ஸோடு மாற்றிக்கொள்வாள்.

6

இந்த வருஷம் கனி மூன்றாம் வகுப்புக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்: இனி வெள்ளிக்கிழமை விளையாட்டுப் பீரியடு நீச்சல். எல்லாப் பிள்ளைகளும் வர வேண்டும்.

மகேசு முடியாது என்றாள். ஒரே வார்த்தை.

தலைமையாசிரியர் எங்களைக் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அந்த மரியாதைக்குள் இரும்பு இருந்தது. கணக்கு வேண்டாம் என்று சொல்ல முடியாதது போல நீச்சலும் வேண்டாம் என்று சொல்ல முடியாது என்றார். டாக்டர் சர்ட்டிஃபிகேட் இருந்தால் பார்க்கலாம், இல்லாமல் நிறுத்தினால் பள்ளிக்கு அனுப்பாததாகத்தான் எடுத்துக்கொள்வோம், மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டிவரும் என்றார். மகேசு டாக்டரிடம் போய் கனிக்குக் காதில் சீழ் என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டாள். டாக்டர் காதைப் பார்த்தார். நல்ல காது என்று எழுதிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மகேசு பெட்டியைக் கீழே இறக்கினாள்.

"நான் இவள கூட்டினு ஊருக்குப் போறேன். நீங்க இருக்கறதுன்னா இருங்க."

"ஊர்லதான மகேசு ஏரி இருக்குது?"

"அங்க இவள யாரும் தண்ணில எறங்குன்னு சொல்ல மாட்டாங்க."

"அவனையும் யாரும் சொல்லலியே."

அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் வேபர் டீச்சர் வீட்டுக்கு வந்தார். இந்த ஊரில் அப்படி யாரும் சொல்லாமல் வர மாட்டார்கள். சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். யார் என்று கேட்டார். மகேசுவுக்கு என்னைவிட நன்றாகப் பேச வரும், ஆனால் அன்றைக்கு அந்த மொழியில் பேச மாட்டேன் என்றுவிட்டாள். எனக்குத் தெரிந்த உடைந்த மொழியில் நான் சொன்னேன். ஏரி, பள்ளிக்கூடம், விளையாட்டு, போஸ்ட், மண். மண் அள்ளியதைச் சொல்ல வார்த்தை தெரியாமல் கையால் அள்ளிக் காட்டினேன். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார், கொடுத்த டீயைத் தொடவே இல்லை. பிறகு மகேசுவைப் பார்த்து மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "நீங்களும் வாருங்கள். பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போக எங்களுக்குப் பெரியவர்கள் தேவை. ஓரத்தில் நில்லுங்கள். நான் எதையும் மறைக்க மாட்டேன்."

"அவ தல தண்ணிக்குள்ள போச்சுன்னா நான் தூக்கிக்கினு வந்துருவேன்னு சொல்லுங்க" என்றாள் மகேசு என்னிடம்.

நான் சொன்னேன். டீச்சர் தலையை ஆட்டினார்.

7

மகேசு வெள்ளிக்கிழமைகளில் முதியோர் இல்லத்து டியூட்டியைப் பிற்பகலுக்கு மாற்றிக்கொண்டாள். நானும் விடியற்காலை வேலையை முடித்துவிட்டு நேராகக் குளத்துக்கு வந்துவிடுவேன். குளம் என்றால் கட்டிடத்துக்குள் ஓடு பதித்த தொட்டி. பாதியில் ஒரு கயிறு கட்டியிருக்கும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கலாம், அந்தப் பக்கம் ஆழம். மகேசு செருப்பைக் கழற்றிவிட்டு, சுடிதார் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஓரத்திலேயே நிற்பாள். கனி எந்தப் பக்கம் நகர்ந்தாலும் இவளும் கரையில் அந்தப் பக்கம் நகர்வாள். மற்ற பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"அம்மா, ப்ளீஸ், அங்க போய் உக்காரு. பைன்லிஷ்."

"நீ உன் வேலைய பாரு."

அவர்கள் சொல்லிக்கொடுக்கும் முறையைச் சொல்கிறேன், நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் கை கால் அடிக்கச் சொல்வதில்லை. முகத்தைத் தண்ணீரில் வைத்துக் குமிழி விடச் சொன்னார்கள். பிறகு மல்லாந்து மிதக்கச் சொன்னார்கள். பயந்தால் என்ன செய்வது, கால் எட்டவில்லை என்றால் என்ன செய்வது, கூட இருக்கிறவன் முங்கினால் தானும் குதிக்காமல் எதை நீட்டுவது, யாரைக் கூப்பிடுவது, எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார்கள். வேபர் டீச்சர் ஒரு கேள்வி கேட்டார்: "தண்ணீரைப் பார்த்து ஆழம் சொல்ல முடியுமா?" எல்லாப் பிள்ளைகளும் முடியும் என்று கத்தின. டீச்சர் முடியாது என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது கனி கேட்டாள்:

"அப்பா, அண்ணாவுக்கு ஸ்கூல்ல ஏன் இத சொல்லித் தரல?"

நான் நம்ம பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னேன். மைதானம் இல்லாதது, வாத்தியார் இல்லாதது எல்லாம். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"ஏரி மட்டும் இருந்துச்சா?"

"ஆமாம்மா. ஏரி மட்டும் இருந்துச்சு."

பிள்ளைகளே, உங்களை நான் கேட்டுக்கொள்வது இது. ஏரி உங்களுடையதுதான். கோடையில் அதில் ஆடியிருப்பீர்கள், மாடு மேய்த்திருப்பீர்கள். ஆனால் தண்ணீர் வந்த பிறகு அது நீங்கள் ஆடிய இடம் இல்லை. அடியில் யார் எதை அள்ளிக்கொண்டு போனார்கள் என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது. மேட்டை நம்பாதீர்கள், மரத்தை நம்பாதீர்கள், போன வருஷத்து நினைவை நம்பாதீர்கள். இன்னொன்று. பி.டி. பீரியடைத் திருப்பிக் கேளுங்கள். வீட்டில் அப்பா அம்மாவை வந்து கேட்கச் சொல்லுங்கள். நீந்தத் தெரிந்த பெரியவர் ஊரில் யாராவது இருப்பார். அவரைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு, இடுப்பில் கயிறு கட்டி, பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சுமதி டீச்சர் எங்கே இருக்கிறார் என்று உங்கள் டீச்சருக்குத் தெரிந்தால், சரணின் அப்பா அவரைக் குற்றம் சொல்லவில்லை என்று சொல்லச் சொல்லுங்கள்.

8

நேற்று கடல்குதிரைப் பரீட்சை. நீச்சல் பழகும் பிள்ளைகளுக்கு முதல் பரீட்சை அது. தேறினால் கடல்குதிரை படம் போட்ட துணி பேட்ஜ் தருவார்கள், நீச்சல் உடையில் தைத்துக்கொள்ளலாம். ஓரத்திலிருந்து குதிக்க வேண்டும், நிற்காமல் நீந்த வேண்டும், கடைசியில் தண்ணீருக்கு அடியில் கிடக்கிற ரப்பர் வளையத்தை முங்கி எடுக்க வேண்டும். தோளளவு ஆழம்தான்.

கனி குதித்தாள். நீந்தினாள், நாய் நீந்துகிற மாதிரி இருந்தாலும் நிற்காமல் நீந்தினாள். மகேசு கரையில் கூடவே நடந்தாள். அப்புறம் டீச்சர் வளையத்தைத் தண்ணீரில் போட்டார். கனி மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தலை மறைந்தது. முடி மட்டும் மேலே விரிந்து மிதந்தது.

நான் மகேசுவின் கையைப் பிடிப்பதற்குள் அவள் குதித்துவிட்டாள். துணியோடு, கைப்பையோடு. கனியின் அக்குளில் கையைக் கொடுத்து மேலே தூக்கினாள். கனியின் கையில் வளையம் இருந்தது.

"விடும்மா! எடுத்துட்டேன்! நான் எடுத்துட்டேன்! விடு!" என்று கனி கத்தினாள். தமிழில்தான் கத்தினாள். ஒரு பையன் சிரித்தான், வேபர் டீச்சர் அவனைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

மகேசுவுக்குத் தண்ணீர் நெஞ்சு வரை கூட இல்லை. அவள் மகளை விட்டாள். ஆனால் மேலே ஏறி வரவில்லை. காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து ஒவ்வோர் எட்டாக நகர்ந்தாள். கயிறு வரைக்கும் போனாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நடந்தாள். பிள்ளைகள் எல்லாம் ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு பார்த்தார்கள்.

"மகேசு, போதும். மேல வா."

"இருங்க." திரும்பி வந்தாள். "குழி எங்கயும் இல்லீங்க. எல்லா இடத்துலயும் தரை இருக்குது." கொஞ்சம் பொறுத்து, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அவன் கால் எவ்ளோ தேடியிருக்கும்."



வேபர் டீச்சர் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து கனியிடம் பேசினார். தூக்கிவிட்டதால் இது கணக்கில் வராது, இன்னொரு தடவை எடுக்க வேண்டும் என்றார்.  டீச்சர் மகேசுவைப் பார்த்தார். மேலே வரச் சொல்லவில்லை. "நிற்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டார். மகேசு தலையை ஆட்டினாள்.

வளையம் மறுபடி தண்ணீருக்குள் போனது. கனி அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூச்சை இழுத்தாள். மகேசு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கனி உள்ளே போனாள். தானாக மேலே வரும்வரை மகேசு அந்தக் கைகளைப் பிரிக்கவில்லை.